நிழல் நாடும் 128 எலும்புக்கூடும்

ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு, மன்னிச்சுக்குங்க மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. விஷயம் பேய் சம்பந்தப்பட்டது. பயப்படாதீங்க, கவிதை எல்லாம் கிடையாது.

நான் பொட்டி தட்டுற ஊரு மினியாபொலிஸ். டிசம்பர் மாசம் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் சூரியன் கடையைச் சாத்திட்டுப் போயிடும். காலையில ஆபீஸ் போறப்ப அரை இருட்டு, வெளிய வரப்ப முழு இருட்டு. பனி, இருட்டு, மறுபடியும் பனி. இந்த ஊர்க்காரங்க இதை எப்படித்தான் தாங்குறாங்கன்னு வந்த புதுசுல யோசிச்சிருக்கேன். ரெண்டாவது வருஷம் பதில் கெடச்சுது. வீட்டுக்குள்ள உக்காந்து பகடை உருட்டுறாங்க.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு ஆட்டம். தெரிஞ்சவங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடுங்க. தெரியாதவங்களுக்கு: நாலஞ்சு பேர் மேசையைச் சுத்தி உக்காருவாங்க. ஒருத்தர் டன்ஜன் மாஸ்டர். அவர்தான் உலகம். மழை, ராஜா, திருடன், டீக்கடைக்காரர் எல்லாம் அவரே. மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். "கதவைத் தொறக்கறேன்"னு ஒருத்தர் சொன்னா, உள்ள என்ன இருக்குன்னு மாஸ்டர் சொல்லணும். வெட்டு பட்டுச்சா படலையான்னு 20 முகப் பகடை முடிவு பண்ணும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து எழுதி 1974-ல வெளியான ஆட்டம். அதுல ஆர்னசன் எங்க ஊர்க்காரர். (பார்த்தீங்களா, நாலு வருஷத்துல "எங்க ஊர்" ஆயிடுச்சு!) புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே அவர் ப்ளாக்மூர்னு ஒரு உலகத்தை இந்த வட்டாரத்துல நண்பர்களோட ஆடிட்டிருந்தார். அதுல ஒருத்தரோட பாத்திரம் ரத்தக்காட்டேரியா மாறி யாராலயும் அசைக்க முடியாத ஆளா ஆயிட்டதாம். அதை அடக்கறதுக்குன்னே பேயோட்டுற பூசாரி மாதிரி ஒரு பாத்திரம் பொறந்துச்சு. அதான் கிளெரிக். ஆக, செத்தும் சாகாதவங்க இந்த ஆட்டத்துல ஆரம்பத்துல இருந்தே உண்டு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்க கூட்டத்துல அஞ்சு பேர். எங்க டேட்டாபேஸ் பார்த்துக்கற ஐம்பது தாண்டின அமெரிக்கப் பெரியவர், டெஸ்டிங் டீம் பூனாக்காரப் பொண்ணு, அவளோட ரூம்மேட், ஒரு தெலுங்கு நண்பன், அப்புறம் அடியேன். போன அக்டோபர்ல டன்ஜன் மாஸ்டர் முறை என் தலையில விழுந்துச்சு. குளிர்காலம் முழுக்க ஓடற மாதிரி ஒரு உலகம் வேணும். வெளியதான் இருட்டா இருக்கே, உள்ளயும் அதையே வச்சிடுவோம்னு முடிவு பண்ணேன். செத்தவங்க ஆளுற நிழல் நாடு.

இது ஒண்ணும் புது ஐடியா இல்ல. 1983-ல ட்ரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி ரேவன்லாஃப்ட்னு ஒண்ணு எழுதினாங்க. பரோவியான்னு மூடுபனி சூழ்ந்த நாடு, அதை ஆளுற ஸ்ட்ராட்னு ஒரு ரத்தக்காட்டேரி. தம்பி கட்டிக்க இருந்த பொண்ணு மேல ஆசைப்பட்டு, தம்பியைக் கொன்னு, அவளும் கெடைக்காம, சாகவும் முடியாம உக்காந்திருக்கற ஆளு. 2008-ல வந்த நாலாம் பதிப்பு ஷேடோஃபெல்னு ஒரு முழு நிழல் உலகத்தையே வச்சுது. நம்ம உலகத்தோட மங்கலான நகல். 2014 புத்தகத்துல அங்க ரொம்ப நாள் இருந்தா மனசு என்ன ஆகும்னு ஒரு பகடைப் பட்டியலே உண்டு. விரக்தி, பயம், பித்து, மூணுல ஒண்ணு பிடிக்கும். (பிப்ரவரி மாச மினியாபொலிஸ்காரங்களுக்குப் பகடை உருட்டாமலே முதல் ரெண்டும் பிடிச்சிடும்.)

நம்ம ஆளு இன்ஜினியர் ஆச்சே. மொத வெர்ஷன்ல ஃபீச்சரா அடுக்கினேன். எலும்புக் கோட்டை. கறுப்பு ஆறு. சாம்பல் மழை. உச்சியில ஒரு லிச். லிச்னா, சாவுக்குப் பயந்து தன் உயிரை ஒரு பெட்டிக்குள்ள பூட்டி வச்சுக்கிட்ட மந்திரவாதி. ஏழு கடல் தாண்டி கிளிக்குள்ள உயிரை வச்ச நம்ம ஊர்க் கதை மந்திரவாதிக்கு ஒண்ணு விட்ட தம்பி. அவனுக்குக் கீழ பத்தாயிரம் எலும்புக்கூடு. எழுதி முடிச்சுப் படிச்சுப் பார்த்தேன். படு மொக்கை. வீடியோ கேம் கடைசி லெவல் மாதிரி இருந்துச்சு. போனோமா, அடிச்சோமா, வந்தோமா.

என்ன குறைன்னு தெரியல. ரூல் புக்கை எடுத்து, செத்தவங்களை எழுப்பற மந்திரத்தை நிதானமா படிச்சேன். மூணாம் நிலை மந்திரம். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம். ஒரு துளி ரத்தம், ஒரு துண்டு சதை, ஒரு சிட்டிகை எலும்புப் பொடி வேணும். எலும்பு எழுந்து நிக்கும், சொன்னதைச் செய்யும். ஆனா 24 மணி நேரம்தான். அதுக்குள்ள மறுபடி மந்திரம் போட்டாகணும். ஒரு தடவை போட்டா நாலு எலும்புக்கூட்டுக்கு இன்னொரு நாள் நீட்டிப்பு. விட்டுட்டா? அது விழுந்துடாது. எழுந்து நிக்கும், ஆனா சொல் பேச்சு கேக்காது. பக்கத்துல உயிரோட யார் இருந்தாலும் பாயும்.

அடப்பாவிங்களா, இது கிரான் ஜாப்! தெனம் ஓடியே ஆகணும், ஒரு நாள் ஃபெயில் ஆனா ப்ரொடக்‌ஷன் காலி.

உடனே கணக்குப் போட்டேன். 20-ஆம் நிலை மந்திரவாதி, அதுக்கு மேல ஆள் கிடையாது. அவருக்கு ஒரு நாள் கோட்டாவுல மூணாம் நிலை 3, நாலாம் நிலை 3, அஞ்சாம் நிலை 3, ஆறு 2, ஏழு 2, எட்டு 1, ஒம்பது 1. மூணாம் நிலைக்கு நாலு கூடு, அதுக்கு மேல ஒவ்வொரு நிலைக்கும் ரெண்டு ரெண்டு கூடும். 12, 18, 24, 20, 24, 14, 16. கூட்டிப் பாருங்க.

128.

ரெண்டின் ஏழாவது அடுக்கு! பொட்டி தட்டறவனுக்கு இதைவிட அழகான நம்பர் உண்டா? சில்லறைச் சலுகைகளை விட்டுட்டா, உலகத்துலயே பெரிய மந்திரவாதி, வேற ஒரு மந்திரமும் போடாம, தெனமும் தன் மொத்த சக்தியையும் கொட்டினாலும் 128 எலும்புக்கூட்டைத்தான் கட்டி வைக்க முடியும். பத்தாயிரம் பேர் ராஜ்ஜியம்? வாய்ப்பே இல்ல. எங்க பாஷையில சொன்னா, ஸ்கேல் ஆகாது.

அப்ப ஒரு நாடு முழுக்க செத்தவங்க நடமாடணும்னா தெனம் யார் மந்திரம் போடறது? ரெண்டு நாள் இதே யோசனை. சிங்க்ல பாத்திரம் கழுவும்போது பதில் தோணிச்சு. ராஜா போட வேண்டாம். ஒவ்வொரு வீடும் போட்டுக்கட்டும்.

அதுக்கப்புறம் டிசைன் தானா வந்துச்சு. அந்த நாட்டுல ஒரு காலத்துல கொள்ளைநோய். வீட்டுக்கு ஒரு சாவு. லிச் ராஜா வந்து ஒரு பேரம் பேசறான். "உங்க ஆளை நீங்களே வீட்ல வச்சுக்குங்க. ராத்திரிக்கு ஒரு தடவை மந்திரம் போடற சக்தியை நான் தரேன். பதிலுக்கு உங்க நிழலைக் கொடுங்க." நிழல்தானே, போனா என்ன? எல்லாரும் கொடுத்துட்டாங்க. அந்த ஆட்டத்துல நிழலே ஒரு தனிப் பிராணி. தொட்டா உடம்பு பலத்தை உறிஞ்சும், வெயில்ல திணறும். ஆக ராஜாவோட படை எலும்புக்கூடு இல்ல, உயிரோட இருக்கறவங்க கொடுத்த நிழல். நிழல் இல்லாதவங்களுக்கு வெளிச்சத்துல நிக்க வெக்கம். ஜன்னலைச் சாத்தினாங்க. அப்புறம் சாளரத்துக்குக் கல் வச்சாங்க. தெரு விளக்கை அணைச்சாங்க. அந்த நாட்டை ராஜா இருட்டாக்கல. சனங்களே ஆக்கிக்கிட்டாங்க.

எழுதி முடிச்சதும் எனக்கே என்னைப் பிடிச்சுப்போச்சு. ஹி ஹி.

டிசம்பர் ரெண்டாவது சனிக்கிழமை. வெளிய பனி கொட்டுது. பெரியவர் வீட்டு பேஸ்மென்ட்ல ஆட்டம். நம்ம வீரர்கள் நிழல் நாட்டுக்குள்ள வந்தாச்சு. ராஜாவைப் போட்டுத் தள்ளிட்டு ஊரைக் காப்பாத்தற திட்டம். முதல் வீட்டுக் கதவைத் தட்டறாங்க. ஒரு அம்மா தொறக்கறாங்க. உள்ள முக்காலியில ஒரு எலும்புக்கூடு உக்காந்திருக்கு. மடியில சுத்தியல்.

தெலுங்கு நண்பன் வாளை உருவிட்டான். பூனாப் பொண்ணு, "எலும்புக்கூட்டுக்கு மழுங்கின ஆயுதம்தான் சரி, கதாயுதத்தை எடு"ன்னா. (ரூல்படி சரிதான். நல்ல டெஸ்டர்.) பெரியவரோட பாத்திரம் கிளெரிக். அவர் கையை உயர்த்தினா போதும், எலும்புக்கூடு பொடிஞ்சிடும். ஆனா அவர் உயர்த்தல. அந்த அம்மாகிட்ட கேட்டார்.

"இவர் உங்ககிட்ட பேசுவாரா?"

இதுக்கு ரூல் புக்ல பதில் இருக்கு. எலும்புக்கூட்டுக்கு உயிரோட இருந்தப்ப தெரிஞ்ச மொழி எல்லாம் புரியும். பேச முடியாது. அந்த அம்மாவா நான் பதில் சொல்லணும். எழுதி வைக்காத வசனம். வாயில வந்ததைச் சொன்னேன்.

"பேச மாட்டாருங்க. நான் தெனமும் சாயங்காலம் சார்ஜ் போட்டு வைக்கறேன். அது போதும்."

சார்ஜ்!

மேசையில எல்லாரும் சிரிச்சாங்க. டங் ஸ்லிப்புன்னு நெனச்சாங்க. நானும் சிரிச்சுட்டு, "மந்திரம், மந்திரம்"னு திருத்தினேன். அதுக்கப்புறம் அன்னைக்கு ஆட்டத்தை எப்படி முடிச்சேன்னு ஞாபகம் இல்ல.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்குங்க.

எங்க அப்பா ஈரோடு பக்கத்துல மின்வாரியத்துல லைன்மேன். காத்து மழைன்னா அவர் போன் ஓயாது. "சார், கரண்ட் போயிருச்சுங்க." ஊர்ல பாதிப் பேர் ஆபீஸ் நம்பரை விட்டுட்டு அப்பா நம்பரைத்தான் வச்சிருந்தாங்க. சோறு தின்னுட்டிருந்தாலும் கையைக் கழுவிட்டு வண்டியை எடுத்துருவார். 2022 ஏப்ரல்ல, ரிட்டயர் ஆகறதுக்கு ஒரு வருஷம் இருக்கறப்ப, மாரடைப்பு. நான் இந்த ஊருக்கு வந்து அஞ்சு மாசம். டிக்கெட் போட்டு, மூணு விமானம் மாறி வீட்டுக்குப் போனப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. பையன் வர வரைக்கும் ஐஸ் பெட்டியில வைக்கலாம்னு சொந்தக்காரங்க சொல்லியிருக்காங்க. அம்மாதான் வேண்டாம்னுட்டாங்களாம். "அந்த மனுசன் ஒரு நாளும் யாரையும் காக்க வச்சதில்ல. அவரை எதுக்குக் காக்க வைக்கறீங்க?"

அப்படிச் சொன்ன அம்மா, அப்பாவோட போனை மட்டும் அணைக்கல. டிவி பக்கத்துல அதுக்கு ஒரு இடம். தெனமும் சாயங்காலம் விளக்கு வச்சதும் சார்ஜ்ல போடுவாங்க. 84 நாளைக்கு ஒரு தடவை ரீசார்ஜ் முடியும். ரெண்டு நாள் முன்னாடியே எனக்கு மெசேஜ் வரும்: "அப்பா நம்பர் முடியுது கண்ணு". நான் இங்க இருந்து போட்டு விடுவேன். ஏன்னு நான் கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல.

அம்மாவுக்கு 24 மணி நேரம், எனக்கு 84 நாள். நாட்டையே டிசைன் பண்ணவனுக்கு இது மட்டும் கண்ணுல படல பாருங்க. அக்டோபர்ல இருந்து வரைஞ்சிட்டிருந்தது எங்க வீட்டு ஹால்.

ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் கெளம்பிட்டாங்க. நான் வாசல்ல பூட்ஸ் மாட்டிக்கிட்டிருந்தேன். பெரியவர் பக்கத்துல வந்து நின்னார்.

"அந்தப் பொம்பளை யாரு?"

"எங்க அம்மா"ன்னேன். தலையை ஆட்டினார். வேற ஒண்ணும் கேக்கல. என் கார் மேல இருந்த பனியை அவரே சுரண்டி விட்டார்.

மறுநாள் அம்மாவுக்குப் போன் பண்ணி மொத தடவையா கேட்டுட்டேன். "ஏம்மா அப்பா நம்பரை வச்சிருக்கீங்க?"

"கேஸ் புக்கிங், பேங்க் ஓடிபி எல்லாம் அதுலதான கண்ணு வருது?"

அதை எல்லாம் 2023-ல ஊருக்குப் போனப்ப நான்தான் அம்மா நம்பருக்கு மாத்திக் கொடுத்தேன். ரெண்டு ஆபீஸ், ஒரு பேங்க், நாலு ஜெராக்ஸ். ஆனா நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அம்மாவே சொன்னாங்க.

"இன்னமும் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு போன் வருது கண்ணு. போன மழையில கூட வந்துச்சு. 'சார் இருக்காருங்களா'ன்னு கேக்கறாங்க. இல்லீங்க, தவறிட்டாருங்கன்னு சொன்னா, அய்யய்யோ, எப்படிப்பட்ட மனுசன்னு ஆரம்பிச்சு அவரைப் பத்தி எனக்கே தெரியாததெல்லாம் சொல்றாங்க. ஒருத்தர் பொண்ணு கல்யாணத்தன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து லைன் சரி பண்ணிக் கொடுத்தாராம். எனக்குத் தெரியுமா அது? அந்த நம்பர் இல்லைன்னா இதெல்லாம் யார் எங்கிட்ட வந்து சொல்லுவாங்க?"

நான் எழுதின நாட்டுல என்ன ஓட்டைன்னு அப்பதான் புரிஞ்சுது. அந்த வீட்டுக் கதவை இத்தனை வருஷத்துல யாருமே தட்டல. "அவர் இருக்காரா"ன்னு கேக்க ஆளில்ல. உயிரோட இருக்கறவங்க ஜன்னலை மூடிட்டு, ஆளுக்கொரு எலும்பைத் தனித்தனியா கட்டிக் காத்துட்டிருக்காங்க. ராஜாவைக் கொன்னா ஜன்னல் தொறந்துருமா என்ன? தீர்வு அங்க இல்ல.

அடுத்த சனிக்கிழமை மேசையில இதை நான் சொல்லல. மாஸ்டர் தீர்வைச் சொல்லக் கூடாது. ஆனா கிளெரிக் மறுபடி அதே வீட்டுக்குப் போனார். முக்காலிக்கு எதிர்ல தரையில உக்காந்து, "இவர் பேர் என்ன? என்ன வேலை செஞ்சார்?"னு கேட்டார். அந்த அம்மா சொல்ல ஆரம்பிச்சாங்க. ஆட்ட நேரத்துல ராத்திரி முழுக்க ஓடுச்சு. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவங்களே சொன்னாங்க: "இன்னைக்கு நான் மந்திரம் போடல."

ஆனா ரூலை ஞாபகம் வச்சுக்குங்க. விட்டா அது விழாது, பாயும். அதனால அந்தக் கடைசி ராத்திரியில குடும்பத்தைத் தனியா விட முடியாது. நாலு பேரும் கூட இருந்து, தாங்கிப் பிடிச்சு, சுத்தியலைக் கையில இருந்து வாங்கி, கடைசியா கிளெரிக் கையை உயர்த்தணும். நம்ம ஊர்ல இழவு வீட்டுல ராத்திரி முழுக்க ஆளுங்க கூட உக்காந்திருப்பாங்களே, அதே வேலை. எங்க அப்பாவுக்கு நான் உக்கார முடியாத ராத்திரி அது.

ராஜாவைக் கொல்ற திட்டத்தை எங்காளுங்க மறந்தே போயிட்டாங்க. இப்ப வீடு வீடாப் போறாங்க. அஞ்சு வீடு முடிஞ்சிருக்கு. ரெண்டு வீட்டுல விட மாட்டேன்னு கதவைச் சாத்திட்டாங்க. அதையும் ஏத்துக்கிட்டாங்க. ஒவ்வொரு வீடு முடியும்போதும் ராஜா படையில இருந்து ஒரு நிழல் கழண்டு சொந்தக்காரர் காலடிக்கு வந்துடுது. பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலை லேசா தொறந்து எட்டிப் பார்க்கறாங்க.

நீங்க கேக்கறது கேக்குது. அப்ப நம்பரை விட்டாச்சான்னுதானே? இல்ல. அம்மா கதவைச் சாத்தி வைக்கல. யார் போன் பண்ணாலும் எடுக்கறாங்க, பேசறாங்க. எங்க வீடு வேற கேஸ். போன வாரம் ரீசார்ஜ் முடிஞ்சுது, போட்டு விட்டேன்.

ஆனா இந்தத் தடவை ஒண்ணு செஞ்சேன். அப்பா போனப்புறம் அந்த நம்பருக்கு நான் போன் பண்ணதே இல்ல. ரீசார்ஜ் ஆச்சான்னு பார்க்கற சாக்குல அடிச்சேன். நாலாவது ரிங்ல அம்மா எடுத்தாங்க. குரல்ல ஒரு பதட்டம்.

"வணக்கங்க சார், சொல்லுங்க சார்."

"அம்மா, நான்தான்."

"அட நீயா கண்ணு? 'இன்ஜினியர் சார்'னு பேரு வருது. போர்டு ஆபீஸ்ல இருந்து கூப்பிடறாங்கன்னு நெனச்சுட்டேன். உன் பேரை இப்படியா போட்டு வச்சிருக்காரு?"

நாள் முழுக்க இன்ஜினியர்களுக்கு சார் போட்டு வேலை பார்த்த மனுசன். எங்கிட்ட நேர்ல "டேய்"தான். வேற பேரே கிடையாது.

அன்னைக்கு முக்கால் மணி நேரம் பேசினோம். முழுக்க அப்பாவைப் பத்திதான்.

டிஸ்கி: பேய் நாடு டிசைன் பண்ற சக மாஸ்டர்களுக்கு ஒரே ஒரு யோசனை. கோட்டை, ஆறு எல்லாம் அப்புறம் வரைஞ்சுக்கலாம். தெனமும் யார் மந்திரம் போடறாங்க, எதுக்காகப் போடறாங்கன்னு மொதல்ல எழுதுங்க. மீதி தானா வரும். வர சனிக்கிழமை ஆறாவது வீடு. கிளெரிக் பகடையில 1 விழாம இருக்க எல்லாரும் வேண்டிக்குங்க.